முழு மதிப்பெண் வாங்கிய முழங்கால்

தலைமை அளவர் கீழே விழுந்ததற்கு வேறு யாரும் காரணமில்லை, ரசமட்டம்தான் காரணம். அதை அவர் மறுக்கவும் இல்லை. மறுக்க வழியும் இல்லை. தலைமை அளவர் கால் இடறிய இடத்தில் ஒரு டைல்ஸ் அகலத்துக்குப் பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்துக்குரிய டைல்ஸ் ரசமட்டத்தின் கையில் இருந்தது.

ரசமட்டம் என்பது கருவியின் பெயர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடிக்கொண்டிருக்குமே, அதுதான். தரைக்கு டைல்ஸ் ஒட்டும் இந்த மனிதர் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டுதான் போவார். மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்துத் தரையைப் பார்ப்பார். அதனால் கருவியின் பெயர் ஆளின் மேல் ஒட்டிக்கொண்டது. நல்ல கலவை போட்டு ஒட்டியது போல, பிறகு பெயரவே இல்லை.

தரையோடு ஜென்மத்துக்கும் முட்டி போட்டே பழகியதில் அவருடைய முழங்கால்கள் கோபித்துக்கொண்டன. கொஞ்ச நாளாக உட்கார்ந்தால் எழ முடியவில்லை. போன மாதம் ஒரு பெரிய கூடத்தில் வேலை. வாசல் வரிசை நேராக வர வேண்டும் என்று வாசலிலிருந்து உள் மூலையை நோக்கி ஒட்டிக்கொண்டே போனவர், பாதிக் கூடத்தில் முட்டி போட்டபடியே பூட்டுப் போட்டது போல நின்றுவிட்டார். பலகை போட்டு நாலு பேர் சேர்ந்து பீரோவைத் தூக்குவது போல அவரைத் தூக்கினார்கள். அன்றைக்கு ஒட்டியது முழுக்க நாசம்.

வேலை எடுத்திருந்தவன் அவருடைய மச்சினன். வீட்டுக்கே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, தொண்டையைச் செருமினான்.

"மாமா, கோச்சுக்காதீங்க. முடியும்னா திங்கக்கிழமை புது கட்டடத்துக்கு வாங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பாக்கறேன். உங்களைக் கேட்டா முடியும்பீங்க. அக்காவைக் கேட்டா அழும். அந்த அளவை ஆபீஸ்ல போய்க் கேட்டுட்டு வந்துடுங்களேன். அவங்க சொல்றதை நான் கேட்டுக்கறேன்."

ரசமட்டத்துக்கு உண்மையில் மச்சினனைவிட அந்தப் பதில் அதிகமாகத் தேவைப்பட்டது. தன் உடம்பைப் பற்றித் தானே ஒரு முடிவுக்கு வர முடியாமல், காலையில் 'முடியும்' என்றும் சாயங்காலம் 'முடியாது' என்றும் அவர் ஆடிக்கொண்டிருந்தார். குழாய்க்குள் குமிழி மாதிரி.

கிளம்பும்போது வீட்டுக்காரி வாசல் வரை வந்தாள்.

"சுத்தி வளைக்காம கேளுங்க. முடியுமா, முடியாதா. அவ்வளவுதான். அங்க போயி தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்துடாதீங்க."

"நான் ஏன் தரையைப் பாக்கறேன்?" என்றார் ரசமட்டம்.

அளவை ஆபீஸ் என்பது ஊர் வைத்த செல்லப் பெயர். முழுப் பெயர் 'உடல்நலக் குறைவுடையோர் பணிப் பங்கேற்பு அளவீட்டு வாரியம்'. பெயர்ப் பலகை கட்டடத்தின் முகப்பில் அடங்காமல் மூலை திரும்பிப் பக்கவாட்டுச் சுவரில் போய் முடிந்தது. நேரே வருகிறவர்களுக்கு 'உடல்நலக் குறைவுடையோர் பணி' என்பது வரைக்கும்தான் தெரியும். வேலை கொடுக்கிற இடம் போலிருக்கிறது என்று ஆசையோடு உள்ளே வந்தவர்கள் அநேகம். அவர்களையும் அளந்துதான் அனுப்பினார்கள்.

ரசமட்டம் நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தரையைப் பார்க்கவில்லை. ஆனால் செருப்புக் காலை லேசாக அசைத்தபோது, காலுக்கடியில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

டைல்ஸ்காரன் காதில் 'டொக்' விழக்கூடாது. நன்றாக உட்கார்ந்த டைல்ஸ் 'டங்' என்னும். 'டொக்' என்றால் அடியில் கலவை இல்லை, காற்றுதான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். வீட்டுக்காரியை நினைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து வீட்டுச் சாவியால் தட்டினார். டொக். பக்கத்து டைல்ஸ். டொக். நடைக்கூடம் முழுக்க டொக். ஒன்றை மட்டும் நெம்பிப் பார்ப்போமே என்று முட்டி போட்டார். நெம்பினார். டைல்ஸ் தோசைக்கல்லிலிருந்து வருவது போல அழகாகக் கையோடு வந்துவிட்டது. அதைத் திரும்ப வைத்துவிட்டு எழலாம் என்று பார்த்தால், முழங்கால்கள் பூட்டிக்கொண்டன.

அந்த நேரம் பார்த்துத்தான் 'அளவீட்டு வார'த் தொடக்க உரைக்காகத் தலைமை அளவர் பரிவாரத்தோடு வந்தார். உரை நிகழ்த்தப் போகிறவர்கள் தரையைப் பார்த்து நடப்பதில்லை.

விழுந்த சத்தத்தில் உள்ளேயிருந்த ஊழியர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் தூக்கக் கை நீட்டினார்கள்.

"தொடாதீங்க!" என்று அலறினார் துணை அளவர். "ஐயாவுக்கு முன்நிலை அளவு எடுக்கலை!"

உதவி செய்வதற்கு முன்னால் அளக்க வேண்டும் என்பது வாரியத்தின் முதல் விதி. உதவி செய்த பிறகு அளந்தால், அளவில் உதவியும் கலந்துவிடும் அல்லவா?

"கணுக்கால் வலி உயிர் போகுதுய்யா... ஐஸாவது கொண்டு வாங்க" என்று தரையிலிருந்து முனகல் வந்தது.

கடைநிலை ஊழியர் ஒருவர் ஓடிப்போய் ஒரு தட்டில் ஐஸ் கொண்டுவந்தார். துணை அளவர் அவரைக் கையமர்த்தினார். "ஐஸ் வெச்சா வீக்கம் வத்திடும். வத்திட்டா நாம எதை அளக்கறது? பக்கத்துல நில்லு. அளவு முடிஞ்சதும் வைக்கலாம்."

"யாருய்யா போட்ட விதி இது?"

"நீங்கதான் ஐயா" என்றார் துணை அளவர், மிகுந்த மரியாதையோடு.

தரை மட்டத்தில் தலைமை அளவரின் முகத்துக்கு நேரே இன்னொரு முகம் இருந்தது. கையில் டைல்ஸோடு திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கோங்க ஐயா" என்றார் ரசமட்டம். "உள்ள காத்து இருந்துச்சு."

"எதுக்குள்ள?"

"உங்க ஆபீஸுக்குள்ள ஐயா. தட்டிப் பாத்தேன்."

அதற்குள் மைக் வந்துவிட்டது. கூட்டம் கூடியிருக்கிறது, உரை தயாராக இருக்கிறது, பேசுகிறவர் படுத்திருக்கிறார் என்பதற்காக ஒரு விழாவை நிறுத்த முடியுமா? தலைமை அளவர் பக்கவாட்டில் சாய்ந்தபடியே பேசினார். பழக்கம் அவரைப் பேச வைத்தது.

"அன்பார்ந்த அளவர்களே! இந்த வாரியம் தொடங்கும் முன், நோய்வாய்ப்பட்டோர் வேலைக்குப் போகிறார்களா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. இன்று, அது நமக்கு எவ்வளவு தெரியாது என்பதைத் துல்லியமாக அறிவோம்! நாம் ஒருவரையும் குணப்படுத்தியதில்லை. ஒருவருக்கும் வேலை வாங்கித் தந்ததில்லை. அப்படி ஏதாவது செய்து அளவைக் கெடுத்துவிட்டார்கள் என்று நம்மீது விரல் நீட்ட ஒரு மனிதர் உண்டா? அம்மா... ஆ..."

கடைசி இரண்டு சொற்கள் உரையில் இல்லாதவை. ஆனாலும் பலத்த கைதட்டல் கிடைத்தது.

பிறகு இருவரையும் தள்ளுவண்டிகளில் ஏற்றிக் கேள்விப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். வண்டியில் ஏற்றுவது உதவி ஆகாதா என்று ஒருவர் கேட்டதற்கு, "அது போக்குவரத்து" என்று துணை அளவர் விளக்கம் சொன்னார். ஐஸ் தட்டு கூடவே வந்தது.

கேள்விப் பிரிவு அம்மாவுக்கு முகம் பார்க்கும் பழக்கம் கிடையாது. கேள்வியைப் பார்த்துத்தான் பேசுவார்.

"போன வாரம் குறைஞ்சது ஒரு மணி நேரம் வேலை செஞ்சீங்களா?"

"இல்லம்மா. உக்காந்தா எழுந்திருக்க முடியலை. அதான் ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். என்னால முடியுமா, முடியாதான்னு..."

"எழுந்திருக்கறது வேலைக்காகவா, சொந்த விஷயமாவா?"

"எழுந்திருக்கறது எழுந்திருக்கறதுதானேம்மா?"

"ரெண்டுக்கும் வேற வேற இடம் இருக்கு." அந்த அம்மா பேனாவைக் காற்றில் நிறுத்தினார். "இன்னிக்கு நடைக்கூடத்துல டைல்ஸ் பேத்தீங்களே, யாராவது செய்யச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலைம்மா. கை சும்மா இருக்கலை."

"யாரும் சொல்லாம, யாருக்கும் பிரயோஜனம் இல்லாம, ஆபீஸ் நேரத்துல..." என்று யோசித்தார் அம்மா. "இது இங்க வேலைன்னுதான் கணக்கு."

அடுத்த வண்டியில் இருந்த தலைமை அளவருக்கும் அதே கேள்வி வந்தது.

"அம்மா, நான் உங்க தலைமை அளவர்."

"அது பதவிங்க ஐயா. நான் கேட்டது வேலை. போன வாரம் குறைஞ்சது ஒரு மணி நேரம்..."

தலைமை அளவர் வெகுநேரம் கண்ணை மூடி யோசித்தார். வலியில் மூடினாரா, யோசனையில் மூடினாரா என்று தெரியவில்லை. "ஒரு கூட்டம் நடந்தது" என்றார் கடைசியில். "அடுத்த கூட்டம் எப்பன்னு பேசினோம்."

அம்மா ஒரு கோடு போட்டுவிட்டு மறுபடி ரசமட்டத்திடம் வந்தார். "உங்க தொழில்லயே மாற்றுப் பணி உண்டா?"

ரசமட்டம் முகம் சுளித்தார். "சுவருக்கு ஒட்டலாம். நின்னுக்கிட்டே செய்யற வேலைதான். ஆனா அதெல்லாம் ஒரு வேலையாம்மா? தரைன்னா மட்டம் பாக்கணும், தண்ணி ஓட வாட்டம் பாக்கணும், நாலு பேர் நடக்கணும். சுவர் மேல யார் நடக்கப் போறா? அது போஸ்டர் ஒட்டற மாதிரி."

மச்சினன் ஒருமுறை இதைப் பற்றி வாயைத் திறந்து, அவர் சாப்பிடாமல் எழுந்து போனதிலிருந்து வீட்டில் யாரும் சுவர் என்ற பேச்சையே எடுப்பதில்லை.

"அப்ப உண்டுன்னு போடவா, இல்லைன்னு போடவா?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏம்மா இங்க வரேன்? நீங்க சொல்லுங்க, முடியுமா முடியாதா?"

"அது அபிப்பிராயம். நாங்க அபிப்பிராயம் சொல்றதில்லை" என்று சொல்லி, 'பொருந்தாது' என எழுதினார் அம்மா. பக்கத்து வண்டியில் ஏதோ சத்தம் கேட்டது. தலைமை அளவர் வலியை மறந்து சிரித்திருந்தார். "போஸ்டர்..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அடுத்தது தட்டுக் கூடம். வாரியத்தின் இதயம் என்று சொல்வார்கள். நீளமான இரண்டு மேஜைகள். இடது மேஜையில் தகரத் தட்டுகள். அவற்றை வலது மேஜைக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

"உலகத்துல எத்தனையோ வேலை இருக்கு" என்று அங்கிருந்த அதிகாரி ரசமட்டத்துக்குப் பெருமையோடு விளக்கினார். "ஒவ்வொண்ணையும் அளந்துட்டு இருக்க முடியுமா? அதனால நிபுணர் குழு உக்காந்து யோசிச்சு, உலகத்துல யாருமே செய்யாத ஒரு வேலையைக் கண்டுபிடிச்சாங்க. அப்பதானே எல்லாருக்கும் சமம்?"

வரிசையில் முன்னால் நின்றவர் பஸ் டிரைவர். கண் மங்கிப்போனவர். மேஜை விளிம்பைத் தடவித் தடவியே எல்லாத் தட்டையும் கொண்டு சேர்த்துவிட்டார். முழு மதிப்பெண்.

"அப்ப நான் நாளைக்கு வண்டி எடுக்கலாமா சார்?" என்று அவர் ஒரு தூணைப் பார்த்துக் கேட்டார்.

"அது எங்க துறை இல்ல" என்றார் தூணுக்குப் பக்கத்திலிருந்த அதிகாரி.

அடுத்தவர் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்கிறவர். தொண்டை போய்விட்டது. அவருக்கும் முழு மதிப்பெண். அவர் ஏதோ பலமாக ஆட்சேபித்தார். காற்று மட்டும் வந்தது. "ஆட்சேபணை இல்லை" என்று குறித்துக்கொண்டார்கள்.

வலது மேஜைக்கு வந்த தட்டுகளைத் திரும்ப இடது மேஜைக்குக் கொண்டுபோய் வைக்க ஒரு நிரந்தர ஊழியர் இருந்தார். முதுகு கேள்விக்குறி போல வளைந்திருந்தது. ரசமட்டத்துக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, நீங்க அளந்து பாத்துக்கலையா?"

"நான் அளவுகோலோட ஒரு பாகம் தம்பி" என்றார் அவர், தட்டுகளை அடுக்கியபடி. "அளவுகோலை யாராவது அளப்பாங்களா?"

ரசமட்டத்தின் முறை வந்தது. வண்டியிலிருந்து தூக்கி நிறுத்தினார்கள். நின்றுகொண்டே செய்கிற வேலை. முழங்காலுக்கு இங்கே ஜோலியே இல்லை. போனார், வந்தார், முடித்தார். முழு மதிப்பெண். 'முழங்கால்: முழுப் பங்கேற்பு' என்று கூவினார் அதிகாரி.

தலைமை அளவர் ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போனார். பாதி வழியில் எல்லாத் தட்டும் தரையில் விழுந்து உருண்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். ஒரு தட்டுகூட வலது மேஜையைச் சேரவில்லை. அதிகாரி பேனாவை எடுத்தார். தன் மேலதிகாரிக்குப் பூஜ்யம் போடுகிற பாக்கியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. போட்டார்.

"பணிப் பங்கேற்பு இல்லை" என்று அறிவித்தபோது துணை அளவரின் கண்கள் கலங்கின. கலங்கிய கண்களோடே மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நண்பர்களே, 'அழுது கேட்டாலும் அளவு மாறாது' என்று ஐயா சொன்ன பொன்மொழியை நாம் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். இன்று ஐயா அழுகிறார். நாம் மாறலாமா? இனி அவர் நமது அதிகாரி அல்லர். அதைவிட உயர்ந்த இடத்துக்குப் போய்விட்டார். நமது புள்ளிவிவரமாகிவிட்டார்!"

கைதட்டல் அடங்குவதற்குள் அவர் ஐயாவின் அறைச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கடைநிலை ஊழியர் முன்னால் வந்தார். "ஐயா, அளவு முடிஞ்சிருச்சு. இப்ப வெச்சுக்கலாம்" என்று தட்டை நீட்டினார். தட்டில் தண்ணீர் இருந்தது.

ரசமட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. வந்த கேள்வி வந்தபடியே சட்டைப் பையில் கனத்தது. புதிய தலைமை அளவரின் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகலாமா? முடியுமா முடியாதா, ஒரே ஒரு வார்த்தை..."

"நீங்களா!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார் புதியவர். "உடல்நலக் குறைவோடு வந்து, வந்த இடத்திலேயே வேலை செய்து, தட்டிலும் முழு மதிப்பெண் வாங்கிய முதல் ஆள்! இந்த வருஷத்து உச்சப் பங்கேற்பாளர் நீங்கதான். வாங்க, படம் எடுக்கணும். அந்தப் பள்ளத்துக்கிட்ட, கையில டைல்ஸோட, உழைக்கற மாதிரி முட்டி போடுங்க."

"முட்டி போட்டா எழுந்திருக்க முடியாதுங்கய்யா. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"எழுந்திருக்கறது படத்துல வராது. போடுங்க."

நாலு பேர் பார்க்க மறுத்துப் பழக்கமில்லாத மனிதர். முட்டி போட்டார். சிரிக்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்தது சிரித்தது போலவே விழுந்திருக்கும். படம் எடுத்து முடித்ததும் சாப்பாட்டு மணி அடித்தது. நடைக்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மாயமாய் மறைந்தார்கள்.

ரசமட்டம் பள்ளத்துக்குப் பக்கத்தில் பூட்டிய முழங்கால்களோடு உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் சாய்ந்து, வீங்கிய காலை நீட்டி, பழைய தலைமை அளவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய அறை பூட்டியிருந்தது. பெஞ்சு அளக்கப்படக் காத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று காவலாளி சொல்லிவிட்டார். அவரை அளந்தாகிவிட்டதே.

பழையவர் விரலை மடக்கித் தன் பக்கத்துத் தரையைத் தட்டினார். டொக்.

"ஆமாய்யா" என்றார். "காத்துதான்."

"வலிக்குதாங்கய்யா?"

காலையிலிருந்து அவரிடம் அப்படி ஒருவரும் கேட்கவில்லை. பழையவரின் கண் நிறைந்துவிட்டது. "ரொம்ப வலிக்குதுய்யா" என்றார் குழந்தை மாதிரி. "உமக்கு?"

"எனக்கும் ரொம்பங்கய்யா."

இருவரும் எழப் பார்த்தார்கள். பழையவர் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று, தோளைத் தாழ்த்திக் கொடுத்தார். ரசமட்டம் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்திருக்கும்போது அவர் முகம் போன போக்கை, ஒரு சாண் தூரத்திலிருந்து பழையவர் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த ரசமட்டம் சரிந்து விழப் போனது. பழையவர்தான் எட்டிப் பிடித்தார். குமிழி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடுவதை வேடிக்கை பார்த்தார்.

இரண்டு நல்ல கால்கூட இல்லாத அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்தபடி வாசலுக்கு நடந்தார்கள். படியருகே ரசமட்டம் நின்றார்.

"ஐயா, நீங்க இப்ப அதிகாரி இல்ல. அதனால கேக்கறேன். மச்சினன் கேட்டு அனுப்பியிருக்கான், வீட்ல அவ காத்துக்கிட்டிருக்கா. என்னால முடியுமா, முடியாதா?"

பழையவர் தொண்டையைக் கனைத்தார். "இந்த வாரியத்தைப் பொறுத்தவரை, பங்கேற்பு என்பது பல்வேறு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். ரசமட்டத்தின் முழங்காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கருவியை அவர் சட்டைப் பையிலேயே பத்திரமாகச் செருகினார். நேராக, நிமிர்த்தி.

"தரை முடியாதுய்யா" என்றார். "பேசாம போய் போஸ்டர் ஒட்டும்."